மூணு மணிக்கு வெயிலம்மாள் பாசி கோர்ப்பாள்

“நான் உக்காந்தாப் போதும், இந்த வீட்டுல எல்லாருக்கும் தண்ணி தவிச்சிரும்.”

வெயிலம்மாள் இதைச் சொல்லாத நாள் கிடையாது. மத்தியானச் சோறு முடிந்து, பானை சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொல்வாள். யாரையும் பார்த்துச் சொல்வதில்லை. ஒரு நாள் அம்மியிடம் சொல்வாள், ஒரு நாள் குடத்திடம் சொல்வாள். கேட்க வேண்டியவர்களுக்கு அது மில் சங்கு மாதிரி ஆகிவிட்டது. ஊதும், ஓயும், அவரவர் சோலியை அவரவர் பார்ப்பார்கள்.

அவள் சொன்னதில் ஒரு சொட்டும் பொய் கிடையாது. கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் அவள் வீடு. முன்பக்கம் புருஷன் காசிராஜனின் பலசரக்குக் கடை, பின்பக்கம் குடித்தனம், இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு. காலையில் கடையில் கூட்டம் நெரிகிற நேரமெல்லாம் அந்தக் கதவு சும்மா கிடக்கும். அவள் முதுகைச் சுவரில் சாய்த்துக் காலை நீட்டிய அடுத்த நிமிஷம், “ஏட்டி, ஒரு செம்பு தண்ணி” என்று அந்தப் பக்கமிருந்து சத்தம் வரும். கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் மாமியார் சுந்தரம்மாளுக்குத் தொண்டை வறளும். அவளுக்கும் கொடுத்து முடித்தால் மகளும் மகனும் பள்ளிக்கூடம் விட்டு வந்து புத்தகப் பையோடு நிற்பார்கள்.

“குழாயில வாரத்துக்கு ஒருக்கதான் தண்ணி வருது. இவியளுக்கு மட்டும் மணிக்கு ஒருக்க தவிக்குது.” இது அந்த முறையீட்டின் இரண்டாம் பாகம்.

வேலைக்கு அஞ்சுகிறவள் என்று அவளை யாரும் சொல்ல முடியாது. எப்போதும்வென்றான் கிராமத்தில் பிறந்தவள். கரிசல் காட்டில் பருத்தி எடுத்தும் மிளகாய்ப் பழம் பறித்தும் காய்த்துப்போன கை. இடுப்பொடிய மாவாட்டச் சொன்னாலும் ஆட்டுவாள். உட்கார்ந்தவளை எழுப்புவதைத்தான் அவளால் தாங்க முடியாது.

அந்த வீட்டில் இன்னொன்றும் உண்டு. புதூர்ப் பக்கம் காட்டுக்குள் இருக்கிற குலதெய்வத்தின் சலங்கையும் பட்டும் கச்சையும் ஒரு மரப்பெட்டியில் அவர்கள் நடுவீட்டில்தான் இருக்கும். கொடைத் திருவிழாவுக்கு மட்டும் கோவிலுக்குப் போய்வரும். சாமிப் பெட்டி இருக்கிற வீடு என்பதால் சுந்தரம்மாள் சுத்தம் பார்ப்பதில் ரொம்பக் கறார். வீட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு வந்துவிட்டால் மூன்று நாள் நடுவீட்டில் கால் வைக்கக் கூடாது. கொல்லையில் விறகு அடுக்கியிருக்கிற அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. பாய் தனி, தட்டு தனி, செம்பு தனி. சோறு வாசலில் வரும். நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வரலாம்.

மற்ற வீட்டு மருமகள்கள் இதைச் சொல்லிச் சொல்லி அழுவார்கள். வெயிலம்மாள் அழவில்லை. மாசத்தில் அந்த மூன்று நாள்தான் அந்த வீட்டில் யாருக்கும் தண்ணீர் தவிக்காது. தவித்தாலும் அவள் கையால் வாங்கிக் குடிக்க முடியாதே.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் என்று நினைவு. கடம்பூரில் கட்டிக்கொடுத்த அவள் தங்கை ஒரு தடவை வரும்போது போளிப் பொட்டலத்தோடு ஒரு பாசி வாத்தும் கொண்டுவந்தாள். பிளாஸ்டிக் பாசியை நைலான் நரம்பில் கோர்த்துச் செய்தது. டிவி பெட்டிக்கு மேலே ஒரு மாசம் உட்கார்ந்திருந்தது. பிறகு மகன் பந்தை எறிந்து அதன் கழுத்தை முறித்தான். உதிர்ந்த பாசியைப் பொறுக்கி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தாள். அடுத்த முறை கொல்லை அறைக்குப் போகும்போது அந்தப் பாட்டிலையும் முறிந்த வாத்தையும் கையில் எடுத்துக்கொண்டாள்.

“அதை எதுக்குட்டி அங்கன தூக்கிட்டுப் போற? தீட்டாயிராது?” என்றாள் சுந்தரம்மாள்.

“பாசிதான அத்தே. துணியா, மணியா? கழுவிட்டாப் போச்சு.”

சுந்தரம்மாள் யோசித்தாள். “மஞ்சத்தண்ணில கழுவணும்,” என்று தீர்ப்புச் சொன்னாள்.

சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. முறியாமல் மிச்சமிருந்த வாத்தின் உடம்பை வெயிலம்மாள் ஒவ்வொரு பாசியாகப் பிரித்தாள். நரம்பின் இரண்டு முனையும் ஒரே பாசிக்குள் எதிரெதிராக நுழைந்து போவதைக் கண்டுபிடித்தாள். அஞ்சு பாசி சேர்ந்தால் ஒரு வட்டம், அதை ஒட்டி ஆறு பாசியில் ஒரு வட்டம். ஆறு வர வேண்டிய இடத்தில் அஞ்சு வந்தால் முதுகு குழிந்துவிடும். ஏழு வந்தால் வயிறு பிதுங்கும். முதல் வாத்து, பிள்ளைத்தாய்ச்சி ஆடு மாதிரி வந்தது. பிரித்தாள். இரண்டாவது கழுத்தைத் திருப்பி வாலைப் பார்த்தது. பிரித்தாள். நாலாம் நாள் மஞ்சள் தண்ணீரில் கழுவி எடுத்தபோது வெள்ளைப் பாசியெல்லாம் பழுப்பேறிவிட்டது. அதனால் அந்த வீட்டு வாத்துகள் ஆதியிலிருந்தே கொஞ்சம் மஞ்சள் காமாலை கண்ட வாத்துகள்.

எண்ணிக்கொண்டு கோர்க்கும்போது மண்டைக்குள் வேறு ஒன்றும் ஓடாது. நாளைக்கு என்ன குழம்பு, பருப்பு இருக்கா, மகளுக்குப் பாவாடை தைக்கணுமே, ஒன்றும் வராது. அஞ்சு, ஆறு, அஞ்சு. கை ஒரு பக்கம் ஓடும், மூச்சு நிதானமாகும். பிறந்ததிலிருந்து இப்படி ஒரு நிம்மதி தனக்கு இருந்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. மூன்று நாள் அவளுக்குப் போதவில்லை.

வீட்டுக்குள் வைத்தும் கோர்த்துப் பார்த்தாள். ஒரு வட்டம் முடிவதற்குள் கதவுக்கு அந்தப் பக்கம் செம்பு கேட்கும். எழுந்து போய்வந்தால் எத்தனையில் விட்டோம் என்பது மறந்துவிடும். பிரித்து முதலிலிருந்து கோர்க்க வேண்டும். ஒரு மாசம் இப்படியே போனது. வாத்துக்கு ஒரு இறக்கை கூட முளைக்கவில்லை.

அதற்கப்புறம்தான் அவள் அந்தப் பொய்யைச் சொன்னாள்.

நாலாம் நாள் காலையில் மாமியார் கொல்லைக் கதவைத் திறந்து, “தலைக்கு ஊத்திட்டு வாட்டி, வெந்நி போட்டிருக்கேன்” என்றபோது, உள்ளே பாதி கோர்த்த திராட்சைக் குலை மடியில் கிடந்தது. “இன்னும் நிக்கல அத்தே,” என்றாள் வெயிலம்மாள். ஒரு நாள்தான் என்று நினைத்துச் சொன்னாள். குலை முடிந்தது. அடுத்த மாசம் அன்னாசிப்பழம். அதற்கு இரண்டு நாள் கூட வேண்டியிருந்தது. அதற்கடுத்த மாசம் அன்னப்பட்சி ஜோடி. அதற்கு மூன்று நாள்.

பொய் சொன்னவளுக்கு அது எங்கே போய் முட்டும் என்று தெரியவில்லை. சுந்தரம்மாள் வாய் பொல்லாததே தவிர ஆள் பொல்லாதவள் இல்லை. முட்டுவலியோடு அடுப்படியில் நின்று குடும்பத்துக்கே சமைத்தாள். மருமகளுக்கு உளுந்தங்களி கிண்டி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் வழிய விட்டு வாசலில் வைத்தாள். “முழுசாத் தின்னுட்டி. உடம்பு வெளுத்துப் போயிருக்கு,” என்று எட்டி நின்று பார்த்தாள். வெயிலம்மாளுக்கு உறுத்தியது. ஆனாலும் தின்றாள், மாமியார் நகர்ந்ததும் அன்னப்பட்சியை எடுத்தாள்.

பக்கத்து வீட்டுக் காளீஸ்வரி, தீப்பெட்டி ஆபீசிலிருந்து கட்டை வாங்கிவந்து வீட்டில் வைத்துக் குச்சி அடுக்குகிறவள், சுவருக்கு மேலே தலையை நீட்டி அவள் பங்குக்குப் பற்றவைத்தாள்.

“சின்னம்மை, இதை லேசா விடாதீங்க. எங்க அக்காளுக்கு இப்படித்தான் நாள் தள்ளித் தள்ளிப் போச்சு. கடேசில கர்ப்பப்பையவே எடுத்துட்டாவ.”

அன்று ராத்திரி சுந்தரம்மாள் ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமிப் பெட்டி மேல் வைத்தாள். மருமகளுக்கு நின்றுவிட்டால் ஒரு கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டாள். மறுநாள் காசிராஜன் கடையைச் சாத்தினான். தேர்தலுக்கே சாத்தாத கடை.

லேடி டாக்டர் வீட்டுக்கு மூன்று பேரும் போனார்கள். காசிராஜனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். டாக்டரம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் வெயிலம்மாள் தலையைக் குனிந்துகொள்ள, மாமியார்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னாள். எத்தனை பிள்ளை, கருத்தடை ஆச்சா, மயக்கம் வருதா, எல்லாவற்றுக்கும்.

“ஒரு நாளைக்கு எத்தனை துணி மாத்துறாங்க?” என்றார் டாக்டர்.

சுந்தரம்மாள் வாயைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள். கொல்லையில் விறகு அறைக்குப் பின்னால் ஒரு கொடி கட்டியிருக்கிறது. அந்த நாட்களின் துணியை அலசி அதில்தான் காயப்போட வேண்டும். காலையும் மாலையும் ஆட்டுக்குத் தழை போடப் போகும்போது சுந்தரம்மாள் அந்தக் கொடியைத் தாண்டித்தான் போவாள். மூன்று நாளைக்கு மேல் அதில் ஒரு துணியையும் அவள் பார்த்ததில்லை. போன மாசமும் பார்க்கவில்லை. அதற்கு முந்தின மாசமும்.

அவள் மெதுவாகத் திரும்பி மருமகளைப் பார்த்தாள். மருமகள் டாக்டரம்மாவின் மேஜைக் காலைப் பார்த்தாள்.

“இப்ப ரெண்டு நாளா மட்டுப்பட்டிருக்கும்மா,” என்றாள் சுந்தரம்மாள் டாக்டரிடம். “கஷாயம் குடுத்துப் பாக்கோம். தேவைன்னா வாரோம்.” மருமகள் முழங்கையைப் பிடித்த பிடியில் இரண்டு வளையல் உடைந்தது.

காசிராஜன் குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தான். பின்னால் இரண்டு பெண்களும். பஜார் தாண்டியதும் சுந்தரம்மாள் கேட்டாள்.

“கொடியில துணி எங்கட்டி?”

“இல்ல அத்தே.”

“இல்லன்னா?”

“மூணு நாளோட நின்னுரும் அத்தே. எப்பவும் போலத்தான்.”

“பொறவு உள்ளுக்குள்ள உக்காந்து என்னத்தட்டி செஞ்ச?”

“பாசி கோத்தேன்.”

சுந்தரம்மாள் நடுரோட்டில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரன் வைதுகொண்டே ஒதுங்கிப் போனான். “நான் இந்த முட்டுவலிய வச்சுக்கிட்டு அடுப்படியில கெடந்து சாவுதேன். களி கிண்டி ஊட்டுதேன். நீ பாசி கோத்த. ஏட்டி, சாமிக்குக் கெடா நேந்திருக்கேனே, அதுக்கு எவ பதில் சொல்லுவா?”

“நான் செஞ்சது தப்புதான் அத்தே. பொய் சொல்லிருக்கக் கூடாது. நேரடியாக் கேட்டிருக்கணும். இப்பக் கேக்குதேன்.” வெயிலம்மாள் நிறுத்தவில்லை. “தினமும் ஒரு மணி நேரம் எனக்கு வேணும். மூணு மணிக்கு மில்லுச் சங்கு ஊதுனா நான் பாசியோட உக்காந்திருவேன். நாலு மணிக்கு எந்திரிப்பேன். அதுக்கு முன்னயும் பின்னயும் என்ன வேலை வேணாலும் சொல்லுங்க. அந்த ஒரு மணிநேரம் மட்டும் என்னை யாரும் கூப்பிடக் கூடாது.”

“கூப்புட்டா?”

“மாசம் முப்பது நாளும் கொல்லையில போயி உக்காந்துக்கிடுவேன்.”

முன்னால் போன காசிராஜன் திரும்பிப் பார்த்து, “என்ன சொல்லுதாவ டாக்டரு?” என்றான்.

“ஒண்ணும் இல்லையாம். நடலே,” என்றாள் அவன் தாய்.

மறுநாள் மூணு மணிக்கு மில் சங்கு ஊதியதும் வெயிலம்மாள் பாசிக் கிண்ணத்தோடு நடுவீட்டில், ஃபேனுக்கு நேர் கீழே, உட்கார்ந்தாள். கொல்லை அறைக்குப் போகவில்லை. ஒளிந்து உட்கார்ந்தால் அது திருட்டாகிவிடும் என்பது அவள் கணக்கு. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, “ஏட்டி, தண்ணி” என்றது. அவள் அஞ்சு எண்ணினாள். மறுபடியும், “ஏட்டி, காதுல விழுதா?” அவள் ஆறு எண்ணினாள். மூன்றாவது சத்தத்துக்குக் காசிராஜனே உள்ளே வந்து நின்றான். அவள் நிமிரவில்லை. குடத்துக்கும் புருஷனுக்கும் நடுவில் நாலு எட்டுத்தான் இருந்தது. இருந்தும் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு மோந்து குடித்தான்.

சுந்தரம்மாள் இருமிப் பார்த்தாள். முனகிப் பார்த்தாள். “நல்ல காலம் பொறந்திருக்கு நம்ம வீட்டுக்கு,” என்று உத்தரத்திடம் சொன்னாள். நாலு மணிக்கு வெயிலம்மாள் எழுந்து, கிண்ணத்தை மூடி, காப்பியைப் போட்டு மாமியாருக்கு முதல் டம்ளர் கொடுத்தாள். சுந்தரம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், டம்ளரை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

உள்வீட்டு ஆட்களைச் சமாளித்துவிடலாம். விருந்தாளி வந்தால் என்ன செய்வது?

கிடா நேர்ந்தது நேர்ந்ததுதான் என்று சுந்தரம்மாள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். “நோயே இல்லாட்டியும் நின்னுட்டுல்லா? சாமிகிட்டப் போயி கணக்குப் பேசவா முடியும்?” அதைப் பேசி முடிக்கப் புதூரிலிருந்து வன்னியபெருமாள் வந்தார். சுந்தரம்மாளின் கூடப் பிறந்த தம்பி, அந்தக் கோவிலில் பூசை பார்க்கிறவர், ஊரில் நாலு பேர் எழுந்து நின்று வணங்குகிற ஆள். வேகாத வெயிலில் பஸ்ஸை விட்டிறங்கி, சரியாகச் சங்கு ஊதி முடிந்த பிறகு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடுவீட்டில் வந்து நின்றார்.

வெயிலம்மாள் கையில் நரம்பின் இரண்டு முனையும் இருந்தன. விட்டால் எட்டு வட்டம் உருவிக்கொண்டு போகும். அந்தக் கரிசல் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவருக்கு வாயில் வாங்கன்னும் கையில் தண்ணியும் ஒன்றாக வர வேண்டும். இரண்டில் ஒன்று பிந்தினால் ஏழு ஊருக்குப் பேச்சாகிவிடும். சுந்தரம்மாள் கட்டிலிலிருந்து மருமகளை முறைத்தாள். எழுந்திரு என்று கண்ணாலேயே அடித்தாள்.

இன்றைக்கு எழுந்தால் நாளைக்கும் எழ வேண்டும் என்று வெயிலம்மாளுக்குத் தெரியும். மாமா வருவார், மாமாவின் சம்பந்தி வருவார், கரண்ட்டு பில் எடுக்கிறவர் வருவார்.

“வாங்க மாமா,” என்றாள் உட்கார்ந்தபடியே. “கையை எடுக்க முடியாது, கோவிச்சுக்கிடாதீங்க. செம்பு குடத்து மேல இருக்கு. குளுந்த தண்ணி, மோந்து குடிங்க. நாலு மணிக்குக் காப்பி போடுதேன்.”

வன்னியபெருமாள் அக்காவைப் பார்த்தார். அக்கா சுவரைப் பார்த்தாள். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குடத்தடிக்குப் போனார். ஒரு செம்பு குடித்தார். இன்னொரு செம்பு மோந்து முகத்தில் அடித்துக்கொண்டார். வந்து எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“இது என்ன பறவைம்மா?”

“மயிலு மாமா.”

“மயிலுக்குத் தோகை?”

“இன்னும் பத்து நாளாவும்.”

“தினமும் கோக்கியா?”

“தினமும். மூணு டு நாலு.”

வன்னியபெருமாள் தலையாட்டினார். “நானும் பூசை பண்ணும்போது எவன் கூப்பிட்டாலும் எந்திரிக்க மாட்டேன்,” என்றார். பிறகு அக்காவிடம் திரும்பி, “கெடா விஷயம் சொல்லு. புள்ளைக்கு என்ன சீக்கு?” என்றார்.

“பொம்பளை சமாச்சாரம். உனக்கெதுக்கு?” என்றாள் சுந்தரம்மாள்.

மாமா பெருமனசோடு எடுத்துக்கொண்டாலும் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த மனசு இல்லை. காசிராஜன் வீட்டில் தண்ணி கேட்டால் மோந்து குடிக்கச் சொல்கிறார்கள் என்று புதூர் வரைக்கும் போயிற்று. கடைக்கு வருகிறவர்கள், “அண்ணாச்சி, வீட்டம்மா பாசியில இருக்காவளா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். காசிராஜனுக்குச் சுருக்கென்றது. சண்டை போட்டான். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தான். வெயிலம்மாள் சோற்றை மூடி வைத்துவிட்டுச் சங்கு ஊதியதும் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் அவனே வந்து மூடியைத் திறந்தான்.

இதையெல்லாம் தாண்டியவளுக்கு நிஜமான ஆபத்து, சண்டையாக வராமல் சிரித்த முகமாக வந்தது.

மெயின் ரோட்டில் சாமித்துரையின் ஃபேன்சி ஸ்டோரில்தான் அவள் பாசியும் நரம்பும் வாங்குவாள். ஒரு தடவை நிறம் ஒத்துப்பார்க்க, கோர்த்து முடித்த மயிலைக் கொண்டுபோயிருந்தாள். சாமித்துரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவளிடம் ஒன்றும் பேசவில்லை. அன்று சாயங்காலம் காசிராஜனைப் பிடித்துக்கொண்டார். தீபாவளிக்குள் ரெண்டு டஜன் மயில் வேணும், கல்யாணப் பரிசுக்குப் பறக்கும் என்றார். கடைக்காரரும் கடைக்காரரும் பேசிக்கொண்டார்கள். காசிராஜன் சரி என்று கைகொடுத்துவிட்டு வந்தான்.

வீட்டுக்கு வந்தவன் முகமே வேறாக இருந்தது. “நீ உக்காரு, உக்காரு. தண்ணி நானே எடுத்துக்கிடுதேன்,” என்றான். சுந்தரம்மாள்கூட, “பகல்ல ரெண்டு மணிநேரம் வேணாலும் இருந்துக்கோ, சோறு நான் வடிக்கேன்” என்றாள். காளீஸ்வரி சுவருக்கு மேலே, “நான் அப்பவே நெனச்சேன் மதினி. சும்மா கோத்து டிவி மேல வச்சு என்ன செய்ய? வித்தா நாலு காசு” என்றாள்.

வெயிலம்மாள் மூன்று பேரையும் பார்த்தாள். இத்தனை நாள் அவள் ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்காத மரியாதை, அது விலைக்குப் போகும் என்றதும் கிடைத்தது. அதுதான் அவளுக்குச் சுட்டது.

“நான் கோக்கலை,” என்றாள்.

“என்னட்டி சொல்லுத? வாக்குக் குடுத்துட்டேன்.”

“இன்னைக்கு நான் ஒரு வட்டம் கோத்தாலும் சரி, ஒண்ணுமே கோக்காம பாசியத் தடவிக்கிட்டு இருந்தாலும் சரி, என்னை ஒருத்தரும் கேள்வி கேக்க முடியாது. காசுக்குக் கோத்தா, ஏன் முடியலன்னு நீங்க கேப்பீங்க, அவரு கேப்பாரு. மூணு டு நாலு பத்தாது, ராத்திரியும் உக்காருன்னு சொல்லுவீங்க. அது வேலை. வேலைதான் இந்த வீட்டுல எனக்கு மலையாக் கெடக்குதே, புதுசா ஒண்ணு எதுக்கு?”

“ஊர்ல என் மூஞ்சியை எங்க கொண்டு வைக்க?”

“வாக்குக் குடுத்தவிய கோத்துக் குடுங்க. நான் சொல்லித்தாரேன்.”

கோபத்தில் சொன்னதாக அவன் நினைத்தான். மறுநாள் மூணு மணிக்கு அவள் கதவைத் தாண்டிக் கடைக்குள் வந்து, தராசுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் பாசியும் நரம்பும் வைத்து, முதல் வட்டத்தைக் கோர்த்துக் காட்டிவிட்டுப் போனாள். காசிராஜனும் ரோஷக்காரன். வெல்லக் கட்டியை உள்ளங்கையில் எடைபோடுகிற கைக்கு இது என்ன பெரிய வித்தை என்று கோர்க்க ஆரம்பித்தான்.

பாசி விரலில் நிற்கவில்லை. துவரம்பருப்புச் சாக்குக்குள் உருண்டது. ஒருவழியாக இரண்டு வட்டம் முடித்து மூன்றாவதில் நாலு எண்ணியிருந்தான்.

“அண்ணாச்சி, கால்கிலோ உப்பு,” என்றது ஒரு குரல்.

போட்டுக் கொடுத்துவிட்டு வந்தான். நாலா, அஞ்சா? பிரித்தான். மறுபடி நாலு வரைக்கும் வந்தான்.

“அண்ணாச்சி, ஒரு தீப்பெட்டி.”

மறுபடி பிரித்தான். மூன்றாவது தடவை அஞ்சாவது பாசி நரம்பில் ஏறுகிற நேரம், உள்ளே கட்டிலிலிருந்து அவன் தாய், “ஏலே காசி, கொஞ்சம் தண்ணி மோந்து தாலே” என்றாள்.

“ஒரு மனுசன ஒரு அஞ்சு வரைக்கும் எண்ண விட மாட்டியளா?” என்று காசிராஜன் கத்திய சத்தத்தில் தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து போயிற்று.

நடுவீட்டில் வெயிலம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. சிரிக்கவும் இல்லை என்று அவள் சத்தியம் பண்ணுவாள். சுந்தரம்மாள்தான் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு கட்டில் ஆட ஆடச் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் காசிராஜனே மெயின் ரோட்டுக்குப் போய், முடியாது என்று சொல்லிவிட்டு வந்தான். சாமித்துரை ஒரு மாதம் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த ஒரு மாதமும் வெயிலம்மாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவர் கடைக்கே போய்ப் பாசி வாங்கினாள்.

இப்போது பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, மகன் சிவகாசியில் பிரஸ்ஸில் இருக்கிறான். சுந்தரம்மாள் போன வருஷம் போய்ச்சேர்ந்தாள். கடைசி வரை அந்தப் பறவைகளைக் காக்காய் என்றுதான் சொன்னாள், கடைசி வரை அந்த ஒரு மணி நேரத்தில் மருமகளைக் கூப்பிடவும் இல்லை. மாமியாரின் காரியம் நடந்த நாட்களில்தான் வெயிலம்மாள் பாசியைத் தொடவில்லை. பதினாறு முடிந்து பதினேழாம் நாள் சொந்தபந்தம் எல்லாம் பந்தியில் உட்கார்ந்திருக்க, சங்கு ஊதியது. அவள் கரண்டியைக் கொழுந்தியாள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

காளீஸ்வரி இன்னமும் கட்டை அடுக்குகிறாள். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் மூணு மணிக்குச் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து எதிரே உட்கார்கிறாள். குச்சி எடுத்துவரக் கூடாது என்பது வெயிலம்மாளின் கண்டிப்பு. அவள் கோர்த்த கிளி ஒன்று டிவி மேலே இருக்கிறது. பார்க்கச் சகிக்காது. வெயிலம்மாள் அதைப் பிரிக்கச் சொல்லவில்லை.

கோவில்பட்டிப் பக்கம் போகிறவர்கள் ஒரு நடை வெயிலம்மாளைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். எட்டயபுரம் ரோட்டில் இறங்கிக் காசிராஜன் கடை என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். மூணு மணிக்கே போங்கள். பேச மாட்டாள், போய் உட்கார்ந்தால் உங்கள் பக்கமாக ஒரு கிண்ணத்தை நகர்த்துவாள். என்ன விலை என்று கேட்காதீர்கள். எனக்கெல்லாம் எங்கே நேரம் இருக்கு என்று பெருமூச்சு மட்டும் விட்டுவிடாதீர்கள், நாலு மணி ஆனதும் அதற்கு அவள் சொல்கிற பதிலைத் தாங்கிக்கொள்ள உங்களால் முடியாது. நரம்பின் இரண்டு முனையையும் கையில் பிடித்துக்கொண்டு, அஞ்சு வரைக்கும் எண்ணிப் பாருங்கள்.